இரண்டாவது சரணம்

பகல் பதினொன்றரை மணிக் காட்சி, ஒரே வரிசையில் ஆறு பேர், நடுவில் தாரணி. இடதுபுறம் அம்மா, அம்மாவைத் தாண்டிச் சித்தி. வலதுபுறம் அண்ணன் நவநீதன், அவனுக்கு அடுத்து அப்பா நாச்சிமுத்து, வழியை ஒட்டிய ஓர இருக்கையில் கால் நீட்ட வசதியாகச் சித்தப்பா குழந்தைவேல். எந்தப் பக்கம் எழுந்து போவதென்றாலும் யாராவது முழங்காலை மடக்கி வழிவிட வேண்டும், மடக்கும்போது எங்க அம்முணி போற என்று கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொல்லும் குரல் நடுங்கக் கூடாது. ஆகவே போக முடியாது. திரையில் கதாநாயகன் பெண்கள் விடுதிச் சுவர் ஏறிக் குதித்து வாட்ச்மேன் கட்டிலின் மேல் விழுந்தான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. தாரணியும் சிரித்தாள், ஆனால் அரை நொடி பிந்திச் சிரித்தாள், பிந்தியது அவளுக்கே காதில் கேட்டது. அடுத்த சிரிப்புக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். சிரிப்பு எங்கே வரும் என்பதைக் கதாநாயகனின் நண்பனாக வரும் குண்டுப் பையனின் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம், அவன் கண்ணை உருட்டினால் அடுத்து சிரிப்பு. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக் காதல் படம், சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் சந்தேகம் வரும். உள்ளங்கை வேர்த்தது, முதுகு குளிர்ந்தது, தலைக்கு மேலே ஏசி இருந்ததால் குளிருக்கு ஒரு காரணம் இருந்தது, வேர்வைக்கு இல்லை. "டேய், அதே கேட்டுதான். நம்ம அம்முணியக் காலேஜுல எறக்கிவுட நான் போவனே, அதே கேட்டு," என்று அப்பா இருட்டில் நவநீதனின் தொடையைத் தட்டினார். அவர் குரலில் பெருமை இருந்தது. கேட் வந்துவிட்டது. கேட்டுக்கு அடுத்து வாகை மரம். வாகை மரத்தடியில் கல் பெஞ்சு.

வெள்ளிக்கிழமை இரவு சுதாகர் அனுப்பிய செய்தி அவளுக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம், அழித்துவிட்டதால் இன்னும் மனப்பாடம். நாம இருக்கோம் தாரு, முதல் பாட்டு, ரெண்டாவது சரணம், மூணே செகண்டு, ஆனா என்ன தெளிவு. திருப்பூரில் கம்பெனி ஷிப்ட் முடிந்து முதல் நாளே பார்த்திருக்கிறான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவனுக்கு போன் போட்டாள். "லூசாடா நீ, சந்தோஷமா சொல்ற?" என்றாள். "பெரிய ஸ்க்ரீன்ல பாத்தா நீயும் சந்தோஷப்படுவ. நம்மள யாரு இப்படிப் படம் புடிப்பாங்க, சொல்லு," என்றான் அவன். அவனுக்கு என்ன, அவன் வீட்டில் பார்த்தால் அவன் அம்மா அழுவாள், பயத்தில் அழுவாள், அவ்வளவுதான். இங்கே யாரும் அழ மாட்டார்கள். அவன் போனை வைத்த பிறகும் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வெளியே வந்தால் சித்தப்பா வந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு டிக்கெட் எடுத்துவிட்டாராம். "நம்ம புள்ள நடிச்ச படம், நாம பாக்காம எவன் பாக்கறது?" வயிற்று வலி என்றாள் தாரணி. "ஓமத்தண்ணி குடிச்சுட்டு வா, மூணு மணி நேரந்தான," என்றாள் சித்தி. எல்லாம் அவள் வாயால் வந்த வினை. படப்பிடிப்பு நடந்தபோது ஆடிட்டோரியம் காட்சியில் மூணாவது வரிசையில் கைதட்டுகிறேன், நீலச் சுடிதார், என்று வீட்டில் சொன்னது அவள்தான். அதுவும் உண்மைதான். முழு உண்மையில் பாதியை அவிழ்த்துக் காட்டினால் மீதியை யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தாள். இப்போது ஐந்து பேர் பத்துக் கண்ணால் அவளைத் திரை முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடச் சொல்லிக்கொடுத்ததே அவள்.

போனதற்கு முந்தின வருஷம் ஆயுத பூஜை விடுமுறையில்தான் எடுத்தார்கள். விருப்பமுள்ள மாணவர்கள் வரலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள், மதியம் பிரியாணி என்றும் சொன்னார்கள், கூட்டம் கூடிவிட்டது. தொப்பி போட்ட உதவி இயக்குநர் ஒருவர் மைக்கில் தொண்டை கிழியக் கத்தினார்: "பின்னாடி இருக்கறவங்க யாரும் நடிக்காதீங்க. கேமராவைப் பாக்காதீங்க. காலேஜ்ல தினமும் என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க." அவர்கள் அதைத்தான் பண்ணினார்கள். தினமும் மூன்றரை மணிக்கு வாகை மரத்தடிக் கல் பெஞ்சில், துப்பட்டாவுக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், அவன் இவள் கையைப் பிடித்துக்கொள்வான். அன்றைக்கும் பிடித்தான். முதல் டேக் முடிந்ததும் கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு பெண் நேராக அவர்களிடம் வந்தாள். முன்பின் காட்சிகளில் எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. யார் எந்தப் பக்கம் பை வைத்திருந்தார்கள், எவன் சட்டைப் பொத்தான் திறந்திருந்தது, எல்லாம் அவளுக்கு வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் கை புடிச்சிருந்தீங்க இல்ல? துப்பட்டா விலகியிருந்துச்சு. அதே மாதிரி வைங்க, மாத்தாதீங்க," என்றாள். திட்டுவாள் என்று எழுந்து நின்ற தாரணிக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு சாயங்காலம் வரைக்கும், எத்தனை டேக் என்று நினைவில்லை, நூறு பேர் நடுவில், பட்டப்பகலில், ஒருத்தி வந்து சரிபார்க்க, கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். விட்டால் திட்டு விழும். அவர்கள் இருவருக்கும் வாழ்நாளில் கிடைத்த ஒரே அனுமதி அது. அதனால்தான் அவள் எழுந்து போகவில்லை. போயிருக்கலாம். தலைவலி என்றால் விட்டிருப்பார்கள். பின்னால் எங்கேயோ மங்கலாகத்தான் தெரிவோம் என்று அவன் சொன்னான், அவளும் நம்பினாள், நம்பினாளா, இல்லை, நம்ப வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கை இப்போது நாற்காலியின் கைப்பிடியில் இருந்தது. அருகிலேயே அண்ணனின் முழங்கை.

சுகன்யாவை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்த உடனே சுகன்யா வந்துவிட்டாள். அம்மாவின் பெரியப்பா வழிப் பேத்தி, மூலனூர்ப் பக்கம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் காதல் வீட்டில் தெரிந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை யாரென்று பந்தலில்தான் பார்த்தாள். பந்தியில் சித்தப்பாவிடம் யாரோ கேட்டார்கள், அந்தப் பையன் என்ன ஆனான் என்று. சித்தப்பா ரசத்துக்குச் சோற்றைக் குழி பண்ணிக்கொண்டே சொன்னார், "வண்டில அடிபட்டுட்டானாமா. பாவம். பாத்துப் போயிருக்கோணும்." சொல்லிவிட்டு ரசத்தை இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். அந்தப் பாவம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த தாரணி கடித்த அப்பளத்தை இலையிலேயே வைத்துவிட்டாள். அப்போதே சுதாகரை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சுதாகரின் அம்மா தாரணி வீட்டுத் தோட்டத்துக்குச் சின்ன வெங்காயம் அறுக்க வந்தவள். தாரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்கெல்லாம் டீ கொடுக்க மாட்டுக்கொட்டகை ஓட்டில் தனியாக ஒரு டம்ளர் செருகியிருக்கும். இப்போது இல்லை. "இப்பத்தான் பேப்பர் கப்பு வந்துருச்சே, குடிச்சாங்களா, வீசுனாங்களா, யாருக்கும் சங்கடமில்ல," என்பார் அப்பா, காலம் மாறிவிட்டது என்பதற்குச் சாட்சியாக. அப்பா நல்லவர். யார்மீதும் கை நீட்டியதில்லை. சித்தப்பா சொன்னால் மறுத்ததுமில்லை. திரையில் கதாநாயகியின் அப்பா வந்துவிட்டார், பெரிய மீசை, கையில் அரிவாள், கதாநாயகனைத் துரத்தினார், துரத்திய வேகத்தில் கல்லூரிக் கேன்டீன் மாவுப் பாத்திரத்தில் போய் விழுந்தார். வெள்ளையாக எழுந்தார். அப்பா இருமும் வரை சிரித்தார். "இவனுக்கு நல்லா வேணும். சின்னஞ்சிறுசுக ஆசப்பட்டா உட்டர வேண்டியதுதான?" என்றார் சித்தப்பா, உண்மையாகவே கோபமாக. குண்டுப் பையன் கண்ணை உருட்டினான். தாரணி சரியான நேரத்தில் சிரித்தாள்.

கித்தார் ஒலித்தது. பாட்டு. பல்லவி மழையில், அதற்குக் கல்லூரி இல்லை, பேருந்து நிலையம். என்ன செய்வதென்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தாள். இரண்டாவது சரணம் தொடங்கும்போது தண்ணீர் பாட்டிலை நவநீதன் மடியில் கவிழ்த்துவிடலாம், அவன் துள்ளுவான், அப்பா திரும்பிப் பார்ப்பார், சித்தப்பாவும் பார்ப்பார். அம்மாவும் சித்தியும் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சித்திக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, கண்ணாடி போட்டிருக்கிறாளா, திரும்பிப் பார்த்தாள், போட்டிருக்கிறாள். பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். மூடி கழன்றது. முதல் சரணம் முடிந்தது. இப்போது என்று கையைத் தூக்கியபோது அவளுக்கும் திரைக்கும் இடையில் ஒரு சிறிய வெளிச்சம் எழுந்தது. நவநீதன் போனை நிமிர்த்திப் பிடித்துப் பாட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "ஸ்டேட்டஸ் வெக்கோணும், ஆட்டாத," என்றான் உதட்டுக்குள். கொட்டகை முழுக்க அப்படித்தான், வரிசைக்கு நாலு போன் மேலே எழுந்திருந்தது. இதை அவள் நினைக்கவே இல்லை. கண்களை மட்டுமே எண்ணியிருந்தாள். தண்ணீர் பாட்டில் கையிலேயே நின்றுவிட்டது. திரையில் வாகை மரம் வந்தது. கதாநாயகனும் நாயகியும் படிக்கட்டில் ஓடி வந்தார்கள், அவர்கள் ஓடி விலகிய இடத்தில், மரத்துக்குக் கீழே, ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் இரண்டு கைகள். அவ்வளவு பெரிய கையை அவள் பார்த்ததே இல்லை, விரல் விரலாக, ஒரு வீடு உயரத்துக்கு. அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கணம் உண்மையிலேயே தெரியவில்லை, யார் இவள், இவ்வளவு தைரியமாக, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், என்று ஒரு எரிச்சல் வந்தது. அதற்குள் படம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கடல். மூச்சு விட்டாளா, தெரியவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா சாய்ந்து எட்டிப் பார்த்து, "எங்கம்முணி, ஆடிட்டோரியத்தையே காணோம்?" என்றார். பாட்டு முடிந்தது. நவநீதன் கட்டைவிரலால் சிவப்புப் புள்ளியை அமுக்கிப் போனைச் சட்டைப் பையில் வைத்தான். கொட்டகைச் சுவரில் மூன்று நொடியில் அழிந்துபோன அது இப்போது அந்தப் பையில் இருந்தது. அவள் தோளுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்.

இடைவேளையில் விளக்கு போட்டார்கள். அதற்கு முன்பே ஆடிட்டோரியம் காட்சி வந்து போயிருந்தது, அதில் முதல் வரிசை மட்டும்தான் இருந்தது, மூணாவது வரிசையில் கைதட்டியவர்களின் தலைகூட இல்லை. "என்னடா இது, வெட்டிப் போட்டானுகளா?" என்று சித்தப்பாவுக்கு மனசே ஆறவில்லை. "அந்தப் பாட்டுல இருக்காளோ என்னமோ. நவநீ, எடுத்தியே, ஓட்டிப் பாரு சாமி." நவநீதன் போனை எடுத்தான். எழுந்து கழிப்பறைக்குப் போய்விடலாம் என்று தாரணி நினைத்தாள், போனால் பார்க்க முடியாது, பார்க்காமல் இருக்க முடியாது, உட்கார்ந்தே இருந்தாள். அவன் பாட்டை ஓட்டினான். பேருந்து நிலையம், மழை, குடை. சின்னத் திரையில் எல்லாம் கலங்கலாக இருந்தது, அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, கலங்கலாகத்தானே இருக்கிறது, யார் முகமும் தெரியாது. வாகை மரம். போய்விட்டது. அவன் தாண்டிவிட்டான். கடல் வரை ஓடவிட்டான். பிறகு கட்டைவிரல் நின்றது. மெல்லப் பின்னால் தள்ளினான். படிக்கட்டு. நிறுத்தினான். இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். அவள் அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், நகத்தில் கிரீஸ் கறை, டிராக்டர் ஷோரூமில் வேலை, எவ்வளவு தேய்த்தும் போகாது. அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பின்வரிசையில் ஒரு குழந்தை பாப்கார்ன் கேட்டு அழுதுகொண்டே இருந்தது. "கெடச்சாளா?" என்றார் சித்தப்பா, கையை நீட்டி. "குடு பாக்கலாம்." நவநீதன் போனை அணைத்தான். "இல்லீங் சித்தப்பா. தூக்கிட்டானுக. ஒண்ணுமே இல்ல," என்றான். "சரி, ஆரு ஆருக்கு என்ன வேணும்? அப்பா, உங்களுக்கு டீயா?" அவளை மட்டும் கேட்கவில்லை. எழுந்து போனான். அப்பாவும் சித்தப்பாவும் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியில் தாரணி படம் பார்க்கவில்லை. அண்ணனின் கையைப் பார்த்தாள். கை சும்மா இருந்தது, தொடையின் மேல், மல்லாக்க. குண்டுப் பையன் கண்ணை உருட்டினான், கொட்டகை சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. ஒன்றுமே இல்லை என்று சொன்னானே, பார்க்கவில்லையோ. பார்க்காமல் ஏன் பெரிதாக்கினான். பார்த்துவிட்டான், பார்த்துவிட்டுச் சொல்லவில்லை, அப்படியானால் காப்பாற்றுகிறான். காப்பாற்றுகிறவன் அவளையும் என்ன வேண்டும் என்று கேட்டிருப்பான், எப்போதும் கேட்பான், அவளுக்குப் பப்ஸ் பிடிக்கும், தெரியும். கேட்கவில்லை. அப்படியானால் சேர்த்து வைத்திருக்கிறான். அவன் அப்படித்தான். எட்டாவது படிக்கும்போது அவன் சைக்கிளை உடைத்த பையனை அவன் ஒன்றுமே சொல்லவில்லை, ஒரு மாதம் கூடவே சுற்றினான், பிறகு ஒருநாள் அந்தப் பையனின் முன்பல் இரண்டும் போயிருந்தது. கத்துகிறவர்களைப் பார்த்து அவள் பயந்ததில்லை. சுதாகரின் பெயர் அவனுக்குத் தெரியுமா. முகம் தெரியும், பஞ்சாயத்து மைதானத்தில் சேர்ந்து கிரிக்கெட் ஆடியவர்கள், ஒருமுறை அவனே சொல்லியிருக்கிறான், நல்லா போடறான் அந்தப் பையன், இடது கை என்று. இடது கை. படத்தில் அவள் கையைப் பிடித்திருந்தது எந்தக் கை என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை, இத்தனை நேரம் வேறெதையும் நினைக்காமல் இருந்தும் வரவில்லை. சுதாகர் இப்போது என்ன செய்வான், ஞாயிற்றுக்கிழமை, துணி துவைப்பான், ஊருக்கு வந்தாலும் வருவான், வரக் கூடாது, சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது, போன் அம்மாவின் பைக்குள் இருந்தது, படம் பார்க்கும்போது எதற்கு என்று அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள், அது தற்செயலா, அம்மாவுக்கும் தெரியுமா. திரையில் கதாநாயகனும் நாயகியும் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். மாவுப் பாத்திரத்தில் விழுந்த அப்பா அடியாட்களோடு பின்னால் வந்தார். வண்டி நகரத் தொடங்கிவிட்டது. "ஓடுடா, அவளக் கூட்டிட்டு ஓடுடா!" என்று சித்தப்பா இருக்கையை விட்டு எழுந்து கத்தினார். முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "உக்காருங்க, மானத்த வாங்காதீங்க," என்றாள் சித்தி, அவளும் சிரித்துக்கொண்டே. நாயகி கையை நீட்டினாள், நாயகன் பிடித்து மேலே இழுத்தான், கொட்டகை விசிலடித்தது. அப்பா கைதட்டினார். நவநீதனின் கை மட்டும் தொடையில் அப்படியே கிடந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. படம் பரவாயில்லை என்றார் அப்பா. பொண்ணு நல்ல பொண்ணு, பல்லு மட்டும் கொஞ்சம் எடுப்பு என்றாள் சித்தி. கார் வந்தது, சித்தப்பாவின் கார். தாரணி பின்கதவைத் திறக்கப் போனபோது, "நீ என்கூட வண்டில வா," என்றான் நவநீதன். குரலில் ஒன்றும் இல்லை, கோபம் இல்லை, எதுவுமே இல்லை. "எதுக்குடா, வெயில்ல. கார்லயே வரட்டும்," என்றாள் அம்மா. "எடம் பத்தாதும்மா." இடம் இருந்தது. வரும்போது ஐந்து பேர் அதில்தான் வந்தார்கள். கார் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கடைசி நேரத்தில் சித்தப்பா அருகில் இல்லாமல் போவது பயமாக இருந்ததை நினைத்து வியந்தாள். அண்ணனின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். எப்போதும் அவன் தோளைப் பிடித்துக்கொள்வாள், இன்று பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள், கம்பி வெயிலில் காய்ந்து சுட்டது, விடவில்லை. பேருந்து நிலையம் தாண்டியதும் வீட்டுக்கு இடதுபுறம் திரும்ப வேண்டும். அவன் திரும்பவில்லை. நேராகப் போனான். அமராவதிப் பாலம். பாலத்தில் லாரிகள், காற்று, துப்பட்டா பறந்து சக்கரத்தில் சிக்கும் என்று ஒரு கையால் சுருட்டி மடியில் அமுக்கிக்கொண்டாள். எங்க போறோம் என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தாள். பாலத்தின் மறுமுனையில் ஓரமாக நிறுத்தி, இறங்காமல், திரும்பாமல், கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்காமல் அவன் கேட்டான், "அவன் இப்ப எங்க இருக்கறான்?" தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். லாரி ஒன்று போய், அதன் புழுதி அடங்கி, இன்னொன்று வந்தது. "திருப்பூர்," என்றாள். அவன் தலையை ஒருமுறை அசைத்தான், கியரைப் போட்டான்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி, திங்கட்கிழமை காலை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் காதல் திருமணம் செய்துகொண்ட ஜோடி ஒன்று பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்தது. பெண்ணின் தந்தையாலும் சித்தப்பாவாலும் தங்கள் உயிருக்கு ஆபத்து என்று மனுவில் கூறப்பட்டிருந்தது. பாதுகாப்பு கேட்டவர்கள் மூன்று பேர்: சுதாகர், 22, தாரணி, 21, பெண்ணின் அண்ணன் நவநீதன், 25.